முத்திரை சாயும் பக்கம்

மாத விற்பனை அறிக்கை ஒன்றுதான், முகம் மட்டும் மூன்று. உள்ளே இருக்கிற எண்கள் யாருக்கும் மாறாது. பார்க்கிற ஆளுக்குத் தகுந்தபடி தாள் மாறும். புது அறிக்கை மென்பொருளில் தாளின் ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் எழுத்தின் அளவு, கோடு, நிறம் என்று தனித்தனி அமைப்பு உண்டு. 'பொது அமைப்பைப் பின்பற்று' என்ற இடத்தில் டிக் இருந்தால் மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். டிக்கை எடுத்துவிட்டால் அதது தன் இஷ்டத்துக்குப் போகும். சிஸுரு நாகசாகோவுக்கு அந்த டிக்கை எடுப்பதில் ஒரு தனி சந்தோஷம்.

ஒசாகாவில் துண்டு மொத்த வியாபாரம் செய்த கம்பெனியும் கியோட்டோவில் கிமோனோத் துணி விற்ற கம்பெனியும் ஒன்றாகி இரண்டு வருடம் ஆகிறது. ஒன்றானது பெயர்ப்பலகை மட்டும்தான். ஒரே விற்பனைக்கு ஒசாகா இயக்குநருக்கு ஓர் அறிக்கை, கியோட்டோ இயக்குநருக்கு ஓர் அறிக்கை, தலைவருக்கு ஓர் அறிக்கை. இதுவரை மூன்றையும் கையால் வெட்டி ஒட்டித் தயாரிப்பதிலேயே சிஸுருவுக்கு மாதத்தின் முதல் வாரம் போய்விடும். இத்தனைக்கும் அவள் ஒப்பந்த ஊழியர். மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது.

"வியாழக்கிழமை கூட்டத்துல மூணு பேரும் புது அறிக்கைக்கு முத்திரை வெச்சாங்கன்னா, உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதிக் கொடுக்கிறேன்," என்றார் பிரிவு மேலாளர் ஹமாவோகா. "ஒருத்தர் திருப்பி அனுப்பினாலும் இந்த வேலை வெளி ஆளுக்குப் போயிடும். அப்புறம் என்கிட்ட முகத்தைத் தூக்கி வெச்சுக்காதீங்க."

"முகத்தை ஏன் தூக்கறேன்? போகும்போது உங்க நாற்காலியைத் தூக்கிட்டுப் போறேன், ஹமாவோகா-சான்."

அன்று மதியமே ஒசாகா இயக்குநர் மொமோதானியின் அறைக்குப் போனாள். அவர் உதோன் நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையை எடுக்காமலே பேரத்தை ஆரம்பித்தார்.

"எழுத்து பெரிசா வேணும்மா. கண்ணாடி போட்டுப் படிச்சா எனக்கு வயசாயிடுச்சுன்னு பேசறாங்க."

"அறுபத்தெட்டு ஆச்சே?"

"அது எனக்கும் பல் டாக்டருக்கும் தெரிஞ்சா போதும். சிவப்பை எடுத்துடு. நஷ்டத்தைச் சிவப்புல பார்த்தா சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

"எடுத்துடறேன். ஆனா பெரிய தாள் கேட்கக் கூடாது."

"சின்னத் தாள்ல பெரிய எழுத்து எங்க போய் உட்காரும்?"

"கிளைகளோட கணக்கை இரண்டாம் பக்கம் தள்ளிட்டா உட்காரும்."

"இரண்டாம் பக்கத்தை யாரு திருப்பிப் பார்க்கிறது?"

"நஷ்டமெல்லாம் அங்கதான் இருக்கு."

"அப்ப தள்ளு."

கியோட்டோ இயக்குநர் ரொக்காகு பேரம் பேசவில்லை. அவர் தாளைக் கையில் எடுத்து, தூரத்தில் வைத்துப் பார்த்து, சிரித்தார்.

"ரொம்பக் கலகலப்பா இருக்கு. இவ்வளவு கோடு போட எவ்வளவு மெனக்கெட்டிருப்பீங்க!"

இரண்டு வருடமாக அவர் புன்னகையோடு பழகியவள் சிஸுரு; பாராட்டுக்குள் இருந்த குறை அவளுக்குக் கேட்டது. உட்கார்ந்த இடத்திலேயே லேப்டாப்பைத் திறந்து பாதிக் கோடுகளை அழித்தாள். "இப்போ?"

"பார்க்கப் பார்க்கப் பழகிடும்."

மீதிக் கோடுகளையும் அழித்தாள். "அருமை," என்றார் ரொக்காகு. இந்த முறை தாளைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

தலைவர் தாகேவோகா வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவர். இரண்டு பக்கத்தையும் கோபப்படுத்தாமல் இரண்டு வருடத்தை ஓட்டியவர். "எனக்குன்னு தனியா ஒண்ணும் வேண்டாம். அவங்க எதுல வைக்கிறாங்களோ அதுலயே நானும் வெச்சுடறேன்," என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மிச்சம் இருந்தது தாளின் மேல் ஓரத்தில், கையெழுத்துக்குப் பதிலாக ஒவ்வொருவரும் தன் பெயர் முத்திரையை அழுத்தும் கட்டங்கள். அங்கேதான் முள். ஒசாகாக் கம்பெனியில் வரிசையின் இடது முனை தலைவருக்கு. கியோட்டோக் கம்பெனியில் வலது முனை தலைவருக்கு. எது சரி என்று இணைந்த நாளிலிருந்து யாரும் வாயைத் திறக்கவில்லை. சிஸுருவும் திறக்கவில்லை. மொமோதானியின் லேஅவுட்டில் டிக்கை எடுத்து, தலைவரை இடது முனையில் வைத்து, பக்கத்திலேயே மொமோதானியை வைத்தாள். ரொக்காகுவின் லேஅவுட்டிலும் டிக்கை எடுத்து, தலைவரை வலது முனைக்கு மாற்றி, பக்கத்திலேயே ரொக்காகுவை வைத்தாள். அவரவர் தாளில் அவரவர்தான் இரண்டாவது ஆள்; மற்றவர் மூன்றாவது, ஹமாவோகா கடைசி. ஒரே சரக்கை இரண்டு வாடிக்கையாளருக்கு, 'உங்களுக்கு மட்டும்தான்' என்று சொல்லி விற்ற கடைக்காரியின் திருப்தி அவளுக்கு.

படிக்கத்தான் ஆளுக்கொரு தாள், முத்திரை வைக்கும்போது ஒவ்வொரு தாளும் எல்லார் கையிலும் சுற்றி வரும் என்பதை மறந்துபோனாள்.

வியாழக்கிழமை கூட்டம் நன்றாகவே ஆரம்பித்தது. மொமோதானி கண்ணாடி இல்லாமல் முதல் பக்கத்தை முழுதாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. தன் கட்டத்தில் முத்திரையை வைத்தார், வழக்கம்போல் சற்று இடதுபக்கம் சாய்த்து. பதவியில் கீழே உள்ளவரின் முத்திரை தலைவரின் கட்டத்தைப் பார்த்துக் குனிய வேண்டும் என்பது மரியாதை. நாற்பது வருடமாக அவர் கை அப்படித்தான் சாயும். ரொக்காகுவும் தன் தாளில் வலதுபக்கம் சாய்த்து வைத்தார். பிறகு இருவரும் தாளை மாற்றிக்கொண்டார்கள்.

மொமோதானி பேசிக்கொண்டே ரொக்காகுவின் தாளிலும் இடதுபக்கம் சாய்த்து அழுத்தினார்.

ரொக்காகு எட்டிப் பார்த்தார். "மொமோதானி-சானுக்கு எவ்வளவு பணிவு! ஹமாவோகா-சானுக்கே குனிஞ்சு வணக்கம் வைக்கிறீங்களே."

மொமோதானி குனிந்து பார்த்தார். அவர் இடதுபக்கம் ஹமாவோகாவின் கட்டம். அவர் முத்திரை பிரிவு மேலாளரை வணங்கி, தலைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. ஹமாவோகா எழுந்து நின்று பதிலுக்குக் குனிவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நின்றார்.

"இது என்ன கூத்து?" என்றார் மொமோதானி. "தலைவர் எப்படி அந்தக் கோடிக்குப் போனாரு? நீ எப்படிய்யா எனக்கு முன்னாடி வந்தே?"

"என் தாள்ல நான் எப்பவும் அங்கதானே இருக்கேன்," என்றார் ரொக்காகு, குரலை ஏற்றாமல். "உங்க தாள்ல என்னை எங்க வெச்சிருக்குன்னு இப்பத்தான் பார்க்கிறேன். காத்தோட்டமான இடம்."

தலைவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நாகசாகோ-சான், இந்தக் கம்பெனியில இரண்டாவது யாரு?"

சிஸுரு லேப்டாப்பைப் பார்த்தாள். மென்பொருளின் தப்பு என்று சொல்லலாம். மூவரில் ஒருவருக்கும் அது புரியப்போவதில்லை. ஆனால் தப்பு செய்கிற மென்பொருளுக்கு யாரும் முத்திரை வைக்க மாட்டார்கள்.

"நான்தான் அப்படி வெச்சேன். எழுத்து, கோடு, நிறம் எல்லாம் அவங்கவங்க கேட்டபடி செஞ்சேன். இரண்டாவது யாருன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நீங்க சொன்னீங்கன்னா அமைப்பை மாத்திடறேன்."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது உதவவில்லை. மொமோதானி தன் தாளை ஹமாவோகாவின் பக்கம் தள்ளினார். திருப்பி அனுப்புவதற்கு அதுதான் வழி.

அந்தத் தாள் மேசையில் நகரும்போது சிஸுரு அதிலிருந்த முத்திரையைப் பார்த்தாள். ஒருவர் கை இடதுபக்கமே சாய்கிறது. இன்னொருவர் கை வலதுபக்கமே சாய்கிறது.

"ஒரு நிமிஷம்." லேப்டாப்பில் கட்டங்களை இழுத்தாள். தலைவரை நடுவில் போட்டாள். மொமோதானியை அவருக்கு வலப்புறம், ரொக்காகுவை இடப்புறம். ஹமாவோகாவுக்குக் கீழே தனிக் கட்டம். மூன்று லேஅவுட்டிலும் முத்திரை வரிசைக்கு மட்டும் டிக்கைத் திரும்பப் போட்டு, புதிதாக அச்செடுத்து நடுவில் வைத்தாள். "இப்ப ரெண்டு பேரும் வழக்கம்போல வைங்க. கையை மாத்த வேண்டாம்."

மொமோதானி தாளை முறைத்தார். "வலது முனை கியோட்டோவுல பெரிய இடம், இல்ல?"

"ஆமா," என்றார் ரொக்காகு. "இடது முனை ஒசாகாவுல?"

"அதுவும் அப்படித்தான்."

எதிரியின் கௌரவமான இடம் தனக்குக் கிடைத்ததில் இருவருக்கும் கொஞ்சம் லாபம் தெரிந்தது போலும். மொமோதானி முதலில் வைத்தார். ரொக்காகு வைத்தார். இரண்டு முத்திரைகளும் இரண்டு பக்கத்திலிருந்தும் நடுக் கட்டத்தைப் பார்த்துக் குனிந்தன. தலைவர் தன்னுடையதை நிமிர்த்தி வைத்துவிட்டு, இரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கூட்டத்தை நேரத்துக்கு முடித்தார்.

ஹமாவோகா அன்று மாலையே சிபாரிசை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். "ஏப்ரல்லேர்ந்து நீங்க நிரந்தரம். என் கட்டம் மட்டும் ஏன் கீழே?"

"அங்க யாரும் தப்பாக் குனிய மாட்டாங்க."

அவர் போனதும் தொலைபேசி அடித்தது. மொமோதானி.

"ஏம்மா, அந்தக் கட்டம் மூணுல என்னது மட்டும் ஒரு மயிரிழை பெரிசா இருந்தா என்ன?"

"உங்க எழுத்தை வேணும்னா இன்னும் பெரிசாக்கறேன்," என்றாள் சிஸுரு. "கட்டத்துக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியாச்சு."

"அதை யாரு வெச்சிருக்கா?"

"நிரந்தர ஊழியர் ஒருத்தர்."