ஞாயிற்றுக்கிழமையின் காலிப் பெட்டிகள்

வியாழக்கிழமை காலை மெல்போர்னிலிருந்து வந்த நிதி விண்ணப்ப வரைவு அறுபத்திரண்டு பக்கம். லாத்தாய் முதல் வேலையாகத் தன் பெயரைத் தேடினாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். இல்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பதினோராம் பக்கத்தில் இருந்தது. கூட்டு ஆய்வாளர், லாத்தாய் மொஆலா, செவிலியர், வவாவு தீவு, டோங்கா. பிழை எதுவும் இல்லை. போன தடவை அவளை ஆணாக்கி வைத்திருந்தார்கள்.

திருப்தியோடு ஒரு குவளைத் தேநீர் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தாள்.

அவளுடைய மருந்தகத்துக்கு வலிப்பு நோயாளிகள் முப்பத்துநான்கு பேர் வந்துகொண்டிருந்தார்கள். மாத்திரைக்குக் குறைவில்லை. மூளை அலைகளைப் பதிவுசெய்யும் கருவிதான் தீவில் கிடையாது. யாருக்கு எந்த வகை வலிப்பு, மூளையின் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்று சரியாகத் தெரியாமலே, மாதம் ஒருமுறை வரும் டாக்டரும் அவளுமாக ஆறு வருடம் ஓட்டிவிட்டார்கள். அந்தக் கருவியும், அதை இயக்க ஓர் ஆளும் கிடைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. வெவ்வேறு நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்யும் வலிப்பு ஆராய்ச்சிக்கென்றே நிதி கொடுக்கும் அறக்கட்டளை ஒன்று. அதனிடம் இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. இரண்டு தடவையும் ஒரே பதில்: முக்கியமான பணி, ஆனால் புதிய கருத்து எதுவும் இல்லை. முப்பத்துநான்கு பேர் கீழே விழுவதில் என்ன புதுமை வேண்டிக்கிடக்கிறது என்று லாத்தாய்க்கு அப்போது பற்றிக்கொண்டு வந்தது.

இந்தத் தடவை புதிய கருத்து இருந்தது. மூன்றாம் பக்கத்தில், படத்தோடு.

வாரத்தின் நாட்களுக்குத் தூண் தூணாக வரைந்திருந்தார்கள். திங்கள் முதல் சனி வரை எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். ஞாயிற்றுக்கிழமைக்குத் தூணே இல்லை, தரையோடு ஒட்டிய ஒரு கோடுதான். அதன் கீழே மெல்போர்ன் பேராசிரியை டெஸ்பினா எழுதியிருந்தாள்: ‘இரண்டு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவான வலிப்புகள் மூன்று மட்டுமே. முழு ஓய்வும் கூட்டுப் பாடலும் குடும்ப விருந்தும் மூளையைக் காக்கின்றனவா என்பதை இந்த ஆய்வு முதன்முறையாக ஆராயும்.’

லாத்தாய் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

நோயாளிகளின் வீடுகளுக்கு மெல்போர்னிலிருந்து ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வந்திருந்தது. நாளுக்கு ஒரு பெட்டி. வலிப்பு வந்தால் நேரத்தை எழுத வேண்டும், வராவிட்டால் காலியாக விட வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டோங்காவில் கடை திறப்பதில்லை, விமானம் இறங்குவதில்லை, ஒருவரும் வலை வீசுவதில்லை, துணி துவைப்பதில்லை. பேனாவை எடுத்துக் கணக்கு எழுத மட்டும் யார் உட்காருவார்கள்? அவளே ஞாயிறன்று மருந்தகப் பதிவேட்டைத் தொட மாட்டாள். அது மூச்சு விடுவதுபோல இயல்பாக இருந்ததால், அதை மெல்போர்னுக்குச் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. காலிப் பெட்டியைப் பார்த்தவர்கள் அன்றைக்கு வலிப்பில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த மூன்றையும் எழுதியது வெளிநாட்டில், ஆக்லாந்தில் வளர்ந்த ஒரு மருமகளாக இருக்க வேண்டும்.

போன மாதம்தான் அந்த முப்பத்துநான்கு பேரில் ஒருவரான பௌலியாசி, தேவாலயத்தில் இரண்டாவது பாட்டின் நடுவே, பாடகர் வரிசையில் பக்கத்திலிருந்த இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தார். லாத்தாய்க்கு அவர் அத்தான் முறை. ஓடிப்போய் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்ததே அவள்தான். அந்த ஞாயிறுக்கும் நோட்டில் பெட்டி காலியாகத்தான் இருக்கும்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அன்று பகல் முழுக்க அவள் அந்தக் கேள்வியோடு குடித்தனம் நடத்தினாள். அறக்கட்டளைக்காரர்கள் கேட்ட புதுமை இதோ இருக்கிறது. கருவி வந்துவிடும். வந்தபின் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம், கருவியைத் திருப்பியா எடுத்துக்கொண்டு போவார்கள்? இப்படியெல்லாம் யோசிக்க அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தும் யோசித்தாள். வெள்ளிக்கிழமை காலை, அதற்குமேல் தாங்காமல் மெல்போர்னைக் கூப்பிட்டாள்.

“படிச்சியா? மூணாம் பக்கம் எப்படி?” டெஸ்பினாவின் குரலில் பெருமை வழிந்தது.

“டெஸ்பினா, நீ உக்காந்திருக்கியா?”

“நிக்கிறேன். ஏன்?”

“உக்காரு.”

காலிப் பெட்டிகளின் கதையை லாத்தாய் சொல்லி முடித்தாள். திரையில் டெஸ்பினா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

“அப்போ ஞாயித்துக்கிழமை…”

“விழறாங்க. நல்லாவே விழறாங்க. எழுதறதில்ல, அவ்வளவுதான்.”

“இது உனக்கு இப்பத்தான் சொல்லணும்னு தோணிச்சா?”

“நீ இப்பத்தானே கேட்ட.”

“நான் எங்க கேட்டேன்? கேக்கவே இல்லையே.”

“அதான்.”

டெஸ்பினா சிரிக்கத் தொடங்கினாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புதான். “எங்கம்மா புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் கறி தொடமாட்டா. எங்க வீட்ல ஒருத்தரும் அதைப்பத்திப் பேசினதே இல்ல, கிரேக்கர் வீட்ல அப்படித்தான். எனக்காவது கேக்கத் தோணியிருக்கணும்.” பிறகு குரல் இறங்கியது. “திங்கக்கிழமை மத்தியானம், உங்க ஊர் நேரம் பன்னெண்டு மணிக்கு விண்ணப்பத்த மூடிடறாங்க. நம்ம கையில இப்ப ஒண்ணுமே இல்ல, லாத்தாய்.”

“எழுதலையே தவிர யாரும் மறக்கல. ஊரே பாக்க விழுந்தா மறப்பாங்களா? போய்க் கேக்கறேன்.”

“மூணு நாள்தான் இருக்கு.”

“ரெண்டு. ஞாயித்துக்கிழமை நான் கேக்கமாட்டேன்.”

“தெரியும்,” என்றாள் டெஸ்பினா. “இப்பத் தெரியும்.”

வெள்ளியும் சனியும் லாத்தாய் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். போக முடியாத தீவுகளுக்குத் தொலைபேசி. அவள் சொன்னது சரிதான், ஒருவரும் மறக்கவில்லை. அது போதகர் மகள் கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு. அது புயலுக்கு முந்தின ஞாயிறு. அது ஈஸ்டர், புது வேட்டி கிழிந்துபோனது. எல்லாவற்றையும் குறித்து எண்ணிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தூண் உண்டு. எல்லாத் தூணையும்விட அதுதான் உயரம்.

சனி பிற்பகல் பௌலியாசி வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி லூப்பே சமையலறையில் உட்கார்ந்து, மறுநாள் விருந்துக்காகச் சேப்ப இலையில் இறைச்சியையும் தேங்காய்ப்பாலையும் வைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். பௌலியாசி வாசலில் வள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

“அவருக்கு எப்பவும் கோயில்லதான் வரும்,” என்றாள் லூப்பே. “பாட்டு ஜாஸ்தியானா தலை சூடாயிடுது போல.”

“எனக்கு ஒண்ணும் சூடாகல,” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. “பிரசங்கம் கேக்காம தப்பிக்கத்தான்.”

“அக்கா, ஞாயித்துக்கிழமை காலைல எழுந்ததுலேருந்து என்னென்ன பண்ணுவீங்கன்னு சொல்லுங்க.”

“உனக்குத் தெரியாததா? நாலு மணிக்கு எழுந்து குழி அடுப்பு மூட்டுவோம். அஞ்சு மணிக்கு மணியடிச்சா ஆராதனை. வந்து கிழங்கையும் இறைச்சியையும் குழியில வச்சு மண்ணைப் போட்டு மூடிட்டு, பத்து மணிக்குத் திரும்பவும் கோயில். ஒரு மணிக்கு வந்து தோண்டி எடுத்துச் சாப்பிடுவோம்.”

“மாத்திரை எப்போ?”

“சாப்பாட்டுக்கு அப்புறம்.”

“அதுக்கு முன்னாடி காலைல ஒண்ணும் சாப்பிட மாட்டாரா?”

“தேத்தண்ணி குடிப்பாரு. தேத்தண்ணி சாப்பாடா? சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும்னு நீதானே சொன்ன.” லூப்பே இலையை விடாமல் மோவாயால் அலமாரியைக் காட்டினாள். அங்கே மாத்திரை டப்பாவில் லாத்தாயின் சொந்தக் கையெழுத்து. ‘காலை, சாப்பாட்டுக்குப் பிறகு.’ அடியில் இரண்டு கோடு.

மற்ற நாட்களில் இந்த வீட்டில் ஆறு மணிக்கு ரொட்டி. ஞாயிறன்று முதல் வாய் உணவு ஒரு மணிக்கு. இரவு போட்ட மாத்திரையின் வலு விடிவதற்குள் தேய்ந்துவிடும். அரைத் தூக்கத்தோடும் வெறும் வயிற்றோடும் அந்த மனிதர் நின்று பாடிக்கொண்டிருந்திருக்கிறார். மாத்திரை வயிற்றைப் புரட்டாமல் இருக்கத்தான் அவள் அப்படி எழுதினாள். லாத்தாய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, இது என் தப்பு.” மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

லூப்பே கையிலிருந்த பொட்டலத்தைக் கட்டி முடித்து அடுக்கில் வைத்தாள். இன்னொரு இலையை எடுத்தாள். “போன வருஷம் விழுந்தப்ப ரெண்டு பல்லு போச்சு அவருக்கு.”

“தெரியும் அக்கா.”

“உன்னத் திட்டணும் போல இருக்கு. கை வேலையா இருக்கு, அப்புறம் திட்டறேன்.”

வாசலில் கிழங்கு சீவும் சத்தம் நின்றது. “அப்போ விடியக்காலைல ஒரு துண்டு ரொட்டி தின்னுட்டு மாத்திரை போட்டா விழ மாட்டேனா?”

“குறையும்னு நெனைக்கிறேன் அத்தான். சத்தியம் பண்ண மாட்டேன்.”

“ஒரு துண்டா, ரெண்டு துண்டா?”

லூப்பே சிரிக்கவில்லை. ஆனால் லாத்தாய் கிளம்பும்போது இரண்டு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். பொழுது சாய்வதற்குள் லாத்தாய் மற்ற வீடுகளையும் கூப்பிட்டுக் கேட்டாள். பத்தொன்பது வீடுகளில் இதே கதைதான். ரொட்டியோ கிழங்கோ ஒரு துண்டு, விடிகாலையிலேயே மாத்திரை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி இழுப்பறைக்குள் கிடந்தது. டெஸ்பினா அனுப்பிய செய்திகள் அதற்குள்ளேயே வந்து குவிந்தன. தேவாலயத்தில் பௌலியாசி இரண்டாவது பாட்டு முடியும்வரை நின்றார், மூன்றாவதுக்கும் நின்றார். ஒரு ஞாயிறு நின்றால் அது ஒன்றுக்கும் சாட்சி ஆகாது. விழாத ஞாயிறுகள் முன்பும் உண்டு. அதெல்லாம் லாத்தாய்க்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் முன்பெஞ்சை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்த கையை எடுத்தபோது விரல் நிமிரவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கே கணினி முன் உட்கார்ந்தாள். மெல்போர்னில் அப்போது நான்கு மணி. டெஸ்பினா கலைந்த தலையோடு தயாராக இருந்தாள். மூன்றாம் பக்கத்தைக் கிழித்தெறிந்து, புதிய தூண்களை வரைந்து, அதன்கீழ் வாரத்தோடும் வழிபாட்டோடும் மாத்திரை வேளையைப் பொருத்துவது பற்றி எழுதினார்கள். மூளை அலைகளைப் பார்த்து எந்த வகை வலிப்பு என்று தெரிந்தால்தான், காரணம் தாமதமான மாத்திரையா, தூக்கக் குறைவா என்று பிரித்துச் சொல்ல முடியும். ஆகவே கருவி வேண்டும். காரணம் முன்னதைவிடக் கெட்டியாக இருந்தது. பதினோரு மணிக்கு ஒரு வரியில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

“செவிலியரின் அறிவுரையை நோயாளிகள் தவறாகப் புரிந்துகொண்டனர்னு போட்டிருக்கேன்,” என்றாள் டெஸ்பினா.

“அத எடு.”

“லாத்தாய், இத படிக்கறவங்க உன் பேரப் பாப்பாங்க. இவ கையில எப்படிக் கருவியக் குடுக்கறதுன்னு ஒருத்தர் நெனச்சாக்கூடப் போதும், மூணாவது தடவையும் போச்சு.”

“அவங்க தப்பாப் புரிஞ்சுக்கல. நான் சொன்னத அப்படியே செஞ்சாங்க. ஆறு வருஷம், ஒரு வேளை தவறாம.” லாத்தாய் நாற்காலியைத் திரைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். “அத அப்படியே எழுது. என் பேரோட எழுது.”

டெஸ்பினா அந்த வரியை அழித்துவிட்டு, அவள் சொன்னபடியே தட்டச்சு செய்தாள். விண்ணப்பம் மூடுவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது.

நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, பதில் வந்தது. கொடுத்துவிட்டார்கள். கேட்டதில் ஆராய்ச்சிக் கூட்டத்துக்கான பயணச் செலவை மட்டும் வெட்டியிருந்தார்கள். கருவி, ஆள், மூன்று வருடம் எல்லாம் அப்படியே இருந்தது. லாத்தாய் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மருந்தகத்தைப் பூட்டிக்கொண்டு நேரே லூப்பே வீட்டுக்குப் போனாள்.

“வருதா மெஷின்?”

“வருது அக்கா.”

“நல்லது,” என்றாள் லூப்பே. எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்து, கணவர் தோட்டத்தின் கோடியில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லிடாத. அவருக்குப் பாட்டு தெரியாது.”

“யாருக்கு? அத்தானுக்கா?”

“பல்லவி மட்டும்தான் கத்தறாரு. சரணம் வந்தா வாய மட்டும் அசைக்கறாரு. இத்தன வருஷமா பின்னாடிதான் உக்காந்திருக்கேன், எப்ப சாய்வாருன்னு அந்த முதுகையே பாத்துட்டு. பாட்டு என் காதுல விழுந்ததே இல்ல, லாத்தாய். இப்பத்தான் கேக்கறேன்.”

சொல்லிவிட்டு லூப்பே கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.