மூன்றாம் மாடியின் சிக்கனம்

"மூணாவது மாடியில கரண்ட் செலவு மூணுல ஒரு பங்கா குறைஞ்சிடுச்சு மேடம்! பசுமைக் கட்டடச் சான்றிதழ் நம்ம கையில வந்த மாதிரிதான்." கட்டட மேலாளர் போனிலேயே குதித்தார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே வாரத்தில் எந்த மாடியும் அவ்வளவு சமர்த்தாகிவிடாது. எங்களுடையது இரண்டே பேர் கம்பெனி. கணவர் விலை குறைந்த சென்சார் வளையங்களை மின்கம்பிகளில் மாட்டுவார். அவை அனுப்பும் அளவுகளை நான் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பேன். இப்படி ஒரு வருஷம் பார்த்து அறிக்கை கொடுத்தால்தான் அந்தச் சான்றிதழ். மூன்றாவது மாடியின் மூன்று கம்பிகளில் ஒன்றின் அளவு பூஜ்ஜியத்துக்குக் கீழே கிடந்தது. வளையத்தைத் திருப்பி மாட்டினால்தான் அப்படி வரும். அது இன்னொரு கம்பியின் செலவைத் தின்றுவிட, மிச்சம் சிக்கனமாகத் தெரிந்திருக்கிறது. போன வாரம்தான் அந்த வளையங்களைப் புதிதாக மாற்றினார். பன்னிரண்டு வருஷத்தில் இவர் செய்யாத தப்பு.

கணினியில் அந்தக் கழித்தல் குறியை ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும், கணவருக்குத் தெரியவே தெரியாது. கை மவுஸ் வரை போனது. மனசு கேட்கவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த மாடியின் மின் பேனல் அறையில் அவர் ஒரு வளையத்தைக் கழற்றிக் கட்டைவிரலால் தடவினார். எந்தப் பக்கமாக மாட்டுவது என்று காட்டும் அம்புக்குறி அதில் அச்சடித்ததுதான். தடவினால் என்ன தெரியும்?

"தெரியலையா?"

"ரெண்டு மாசமா ஒரே மங்கல்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஏணியில ஏற விடமாட்ட. அப்புறம் எனக்கு என்ன வேலை?"

என்ன மனுஷன் இவர்! கோபம் மூக்கு வரை வந்து, அழுகையாக இறங்கியது. கைப்பையைத் துழாவி நெயில் பாலிஷை எடுத்தேன். அந்த வளையத்தில் கொட்டையாக ஒரு சிவப்பு அம்பு போட்டேன்.

"இது தெரியுதா?"

"இது தெரியாட்டி நான் குருடன்டி."

"நாளைக்கு கண் டாக்டர்கிட்ட போறோம். ரெண்டு பேரும்."

அவர் அதைச் சரியான பக்கமாக மாட்டினார். என் போனில் அந்தக் கோடு மேலே ஏறியது. சிக்கனம் காணாமல் போனது. மேலாளரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

"யார் தப்புன்னு கேட்டாரா?" என்றார் இவர்.

"கேட்டார். எங்க ரெண்டு பேர் தப்புன்னேன்."

அவர் பெட்டியில் மிச்சமிருந்த வளையங்களை எடுத்து வரிசையாக என் முன்னால் வைத்தார். நான் அம்பு போடப் போட, ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, குழந்தையின் சிராய்ப்புக்கு ஊதுவதுபோல ஈரம் காய மெல்ல ஊதிக்கொண்டிருந்தார்.