அக்காவின் உதடுகள்

ஏழாவது டேக்கும் பாழ்.

“கட்” என்ற இயக்குநர், மானிட்டரை விட்டு எழுந்து வந்தாள். முப்பத்தைந்து வயது. கோபத்தைக் குரல் உயர்த்தாமலே காட்டத் தெரிந்தவள்.

மேசைக்கு இந்தப் பக்கம் எழுபத்தாறு வயது அக்கா. அந்தப் பக்கம் எழுபத்து மூன்று வயதுத் தம்பி. படத்திலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். ஐம்பது வருடச் சினிமாவில் அவள் எல்லோருக்கும் அம்மாவாக நடித்துத் தீர்த்தவள். அவன் எல்லோரையும் கடத்திக்கொண்டு போனவன். ஒரே படத்தில் உடன்பிறப்புகளாக வருவது இதுதான் முதல் தடவை.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. சார் பேசும்போது உங்க உதடும் கூடவே அசையுது.”

“அப்படியா?” என்றாள் அக்கா, பச்சைக் குழந்தை போல.

“ஏழு டேக்லயும்.”

“பழக்கதோஷம்மா. எல்லார் வசனத்தையும் மனப்பாடம் பண்ணித் தொலைச்சிடுவேன்.”

பொய். தம்பிக்கு இப்போதெல்லாம் வசனம் ஞாபகத்தில் நிற்பதில்லை. போன படத்தில் மூன்றாம் நாளே பூங்கொத்து கொடுத்து, கைகுலுக்கி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு எட்டு மாதம் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடி இருந்தான். இங்கேயும் விஷயம் வெளியே வந்தால் அவ்வளவுதான், அந்த ஜன்னலே கதி.

அதனால் அவள் ஒவ்வொரு வசனத்துக்கும் முதல் வார்த்தையைச் சத்தமில்லாமல் வாயசைப்பாள். அது கிடைத்தால் போதும், மீதி குழாய் திறந்தது போலக் கொட்டும். இத்தனை நாளும் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று சமாளித்தாயிற்று. இன்றைக்குத்தான் சிக்கல். பதினைந்து வருடம் மாடியும் கீழுமாகப் பேசாமல் இருந்த தம்பி, இறங்கி வந்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிற காட்சி. ஐந்து நிமிடம், ஒரே ஷாட். பக்கவாட்டில் கேமரா, இரண்டு முகமும் தெரியும்.

எட்டாவது டேக். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது வசனத்திலேயே தம்பி நின்றான். அவன் கண் அவள் வாயைத் தேடியது, நடுரோட்டில் நிற்கிற ஆள் மாதிரி. அவளால் தாங்க முடியவில்லை. உதடு அசைந்துவிட்டது.

“கட்.”

மானிட்டர் பக்கம் தயாரிப்பாளரிடம் இயக்குநர் மெல்லச் சொன்னாள்: “வேற வழி தெரியல சார். அம்மா ரோலுக்கு வேற ஆள் பாக்கலாமா?”

தம்பிக்கு ஞாபகம்தான் மோசம். காது பாம்புக் காது.

“யாருக்கு வேற ஆள்?” என்று எழுந்தான். மேசைக்கு அடியில் அக்கா அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

“காலை எடுக்கா, வலிக்குது” என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. “தப்பு என்னுது. எனக்கு வசனம் நிக்கறதில்ல. அக்கா எடுத்துக் கொடுக்கறா. அனுப்பணும்னா என்னை அனுப்புங்க.”

விளக்குக்காரர் ஏணியில் பாதி ஏறியவர் அப்படியே நின்றார்.

“எத்தனை நாளா நடக்குது இது?” என்றாள் இயக்குநர்.

“முதல் நாள்லேர்ந்து” என்றாள் அக்கா. “உனக்கு ஒரு நாளாவது குறை தெரிஞ்சுதா?”

இயக்குநர் மானிட்டரை விட்டு வந்தாள். மேசையை ஒரு சுற்று சுற்றினாள். அக்காவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, குனிந்து, விரல்களால் கட்டம் கட்டித் தம்பியைப் பார்த்தாள்.

“கேமரா இங்க வரட்டும். நீங்க எவ்வளவு வேணா வாயசைக்கலாம்மா. ஆனா இந்த சீன்ல உங்க முகம் வராது.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. படத்துக்குப் படம் கல்யாணக் கூட்டத்திலும் ஆஸ்பத்திரி வாசலிலும் ஓரமாக நின்றே அழுதவள் அவள். முழுசாக அவள் முகத்துக்கென்று எழுதின காட்சி இது ஒன்றுதான். இரண்டு மாதமாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தாள்.

“வேணாம்” என்றான் தம்பி. “நான் கிளம்பறேன்.”

“உட்காருடா. எட்டு மாசம் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அதுக்கு என் மூஞ்சி போனா போகட்டும்.” இயக்குநர் பக்கம் திரும்பினாள். “கொண்டையை மட்டும் கொஞ்சம் சரி பண்ணச் சொல்லும்மா. இனிமே அதுதான நடிக்கணும்.”

ஒன்பதாவது டேக். வசனத்துக்கு வசனம் அக்கா எடுத்துக் கொடுக்க, தம்பி பொழிந்து தள்ளினான். “உன் முன்னாடி நிக்கவே கூச்சமா இருக்குக்கா” என்று அவன் குரல் உடைந்தபோது இவளுக்குக் கண் முட்டிக்கொண்டது. உதடு கோணிக்கொண்டு போயிற்று. அடுத்த வார்த்தை வரவில்லை.

தம்பி எட்டிப் பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

“நீ அழுதா நான் எப்படிப் படிக்கிறது?”

ஏணி மேலிருந்துதான் முதல் சிரிப்பு கிளம்பியது. இயக்குநரும் வாயைப் பொத்திக்கொண்டாள். “இன்னொண்ணு போயிடலாம்மா.”

பத்தாவது டேக்கில் அக்கா அழுகையை மாத்திரை மாதிரி விழுங்கினாள். ஒரு வார்த்தை தவறாமல் உதட்டில் எழுதிக் காட்டினாள். ஐந்து நிமிடமும் யாரும் இருமக்கூட இல்லை.

“கட். ஓகே.”

கைதட்டல் ஓய்ந்ததும் இருவரும் மானிட்டரில் பார்த்தார்கள். நடுவில் தம்பியின் முகம். ஓரத்தில் அக்காவின் கொண்டையும் ஒரு காதும்.

“அப்பா காது” என்றான் தம்பி.

“பின்னே பக்கத்து வீட்டுக்காரர் காதா?”

அவன் சிரித்துக்கொண்டே உதவி இயக்குநரைக் கூப்பிட்டான். “நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?”

“ஏழு மணி சார்.”

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். ஏழு மணி. அவள் ஞாபகம் வைத்துக்கொள்வாள்.