கம்பத்தின் கீழ்ப்பாதி

காலையில ஏழு மணிக்கு மேடையேறி உடுப்பைக் கழட்டுறதுன்னா சும்மாவா? மத்த ஊர்ல இது ராத்திரித் தொழில், இருட்டாவது கூடத் துணைக்கு நிக்கும். ஆஸ்திரேலியாவோட இந்தக் கல்கூர்லியில அந்தப் பேச்சே கிடையாது. இங்க சுரங்கத்துல ராத்திரி ஷிஃப்ட் முடியறதே விடிஞ்ச பிறகுதான். குளிச்சவனும் குளிக்காதவனுமா நேரா லோரெய்னோட பாருக்கு வந்துடுவானுங்க. முட்டையும் பன்றிக்கறியும் தின்னுக்கிட்டே பீர் குடிப்பானுங்க. வெளியில வெயில் சுள்ளுன்னு அடிக்கும், உள்ளே நாங்க ஆடணும்.

என் முதல் நாள் அப்படித்தான் விடிஞ்சுது.

லோரெய்ன் அந்த பாரோட முதலாளியம்மா. சுத்தி வளைக்கத் தெரியாதவ. "ரெண்டு பாட்டு. முதல் பாட்டுல உடுப்போட. ரெண்டாவதுல மேல ஒண்ணும் இருக்கக் கூடாது. நடுவுல மரம் மாதிரி நின்னேன்னு வை, மத்தியானம் பெர்த் ரயில்ல உன்னை நானே ஏத்திவிட்டுடுவேன். புரிஞ்சுதா கண்ணு?"

புரிஞ்சுது. அதுவரைக்கும் நான் சுரங்க முகாம்ல சட்டை தோய்ச்சுப் போட்டுக்கிட்டிருந்தவ. ஆரஞ்சு சட்டை, செம்மண், மறுபடி ஆரஞ்சு சட்டை. ஒருத்தனும் மூஞ்சியத் திரும்பிப் பார்க்காத வேலை. யாராவது பார்க்கட்டுமேன்னுதான் இங்க வந்தேன். இப்ப பார்க்கப் போறாங்கன்னதும், கண்ணுக்கு மை இழுத்தா கோடு காது வரைக்கும் போகுது.

"மூச்சு விடு தங்கச்சி"ன்னா மேரே. அவ மாவோரிப் பொண்ணு, நியூசிலாந்துக்காரி, கையில சூடா கறி அடைச்ச மீட் பை. "நீ செத்து வெச்சேன்னா உன் ரெண்டு பாட்டையும் நான்தான் ஆடணும். எனக்கு முட்டி வலிக்குது."

அந்தப் பக்கம் கார்னெட் சிவப்பு விக்கைத் தலையில ஊசி குத்தி இறுக்கிக்கிட்டிருந்தா. கார்னெட்டைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வரும். மேடை நடுவுல கூரை வரைக்கும் ஒரு இரும்புக் கம்பம். அவ தரையிலேர்ந்து அதுல ஏற மாட்டா. பார் மேசை மேல நடந்து வந்து, அங்கேருந்து ஒரே தாவு, கம்பத்தோட மேல்பாதியைப் பிடிச்சுக் கூரை வரைக்கும் போயிடுவா. அங்க தொடையால கம்பத்தை இறுக்கிக்கிட்டு, ரெண்டு கையையும் விட்டு, தலைகீழா சர்ருன்னு விழுவா. தலை தரையில மோதப் போற நேரத்துல தொடையை இறுக்கி நிறுத்துவா. தரைக்கும் தலைக்கும் நடுவுல ஒரு சாண் இருந்தா அதிகம். மேல்பாதி விழறதுக்கு, கீழ்ப்பாதி நிக்கறதுக்கு. அவ கழுத்து உடையாம இருக்கறது அந்தக் கீழ்ப்பாதியை நம்பித்தான்.

கண்ணாடியிலயே என்னைப் பார்த்தா. "என்னடி, வாந்தி வருதா?"

"வந்துடுச்சு."

"நல்லது, பாரம் குறைஞ்சுது. இங்க பாரு. இந்த ரூம்ல நான் பெர்னடெட். எனக்கும் தினம் வாந்தி வரும். அந்தப் பெர்னடெட்டை இந்த நாற்காலியில உட்கார வெச்சுட்டுத்தான் வெளியில போவேன். அங்க போறது கார்னெட். நீயும் உன்னை இங்கயே விட்டுட்டுப் போ." அப்புறம் விரலை நீட்டினா. "என் பேர் இந்தக் கதவைத் தாண்டுச்சு, தொலைச்சுடுவேன். என் மக இந்த ஊர்லதான் படிக்கிறா. ஸ்கூல் கேன்டீன்ல நான் சாண்ட்விச் போட்டுக் குடுக்கிறேன். ஊர்ல ஒரே பெர்னடெட் நான்தான்."

"டீகன்"னேன் நான், என் நிஜப் பேரு. மேடைக்கு லோரெய்ன் ஓப்பல்னு வெச்சிருந்தா.

"உன் பேரை யாருடி கேட்டா?"ன்னுட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டா.

மேரே மீட் பையைத் திங்கறா, கார்னெட் பாட்டு கேட்கிறா. எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது. என் கைப்பையில லோஷன் பாட்டில் இருந்துச்சு. சின்ன வயசுலேர்ந்தே எனக்கு இது ஒரு பழக்கம், பயம் வந்தா காலைத் தேய்ச்சு விட்டுக்குவேன். எடுத்தேன், தேய்ச்சேன். தொடை, முட்டி, முழங்கை. பயம் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் தேய்ச்சேன். கம்பத்துல ஆடறவ ஆடற அன்னைக்கு உடம்புல ஒரு சொட்டு எண்ணெய்ப் பசை வெச்சுக்க மாட்டா. இது இந்தத் தொழில்ல எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்கிறதாலயே ஒருத்தியும் வாயைத் திறந்து எனக்குச் சொல்லலை! கனவுல வந்து யாராவது சொல்லுவாங்களா எனக்கு?

"ஓப்பல்!"னு லோரெய்ன் கத்தினா.

வெளியில போனேன். முதல் பாட்டு எனக்கு ஞாபகமே இல்லை. முட்டை வாசனை ஞாபகம் இருக்கு. முன்னால ஒருத்தன் வாயில கரண்டியோட என்னைப் பார்த்தது ஞாபகம் இருக்கு. ரெண்டாவது பாட்டுல முதுகுப் பக்கக் கொக்கி மாட்டிக்கிச்சு, வரவே மாட்டேங்குது. அய்யோ, ரயில்தான்னு நினைச்சேன். எவனோ, "அவசரமில்லம்மா, எனக்கு நாளைக்குத்தான் ஷிஃப்ட்!"னான். கூட்டம் சிரிச்சுது, எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு, கொக்கியும் விட்டுது. உடம்புல காத்து பட்டுச்சு. அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாள் தூங்காம கிடந்தேன்?

தைரியம் வந்து கம்பத்தைத் தொடையால சுத்தினேன். வழுக்கி உட்கார்ந்துட்டேன். வேணும்னே செஞ்சேன்னு நினைச்சு கூட்டம் விசில் அடிச்சுது. மறுபடி சுத்தினேன், மறுபடி வழுக்குச்சு. வேர்வைன்னு நினைச்சேன். அந்தக் கீழ்ப்பாதி பூராவும் நான் லோஷனைத் தேய்ச்சிருக்கேன், வேர்வையாம்!

பாட்டு முடிஞ்சதும் பறந்து வந்து ரூமுக்குள்ள விழுந்தேன். "ஆடிட்டேன் மேரே! ஆடிட்டேன்!" டிராக் பேன்ட்டை மாட்டிக்கிட்டு, சட்டையைத் தலையில நுழைச்சுக்கிட்டே குதிச்சேன். நான் உள்ளே வந்தப்பவே வெளியில போயிருந்த கார்னெட்டோட பாட்டு ஆரம்பிச்சுது. கூட்டம் "கார்னெட்! கார்னெட்!"னு மேசையைத் தட்டுது.

மேரே சிரிச்சுக்கிட்டே என் கையைப் பிடிச்சா. சிரிப்பு அப்படியே நின்னுது. தன் விரலைத் தேய்ச்சுப் பார்த்தா, மோந்து பார்த்தா.

"என்னது இது?"

"லோஷன்."

"ஆடறதுக்கு முன்னாடியா போட்டே?"

"ஆமா. ஏன்?"

"கம்பத்தைத் துடைச்சியா? ஆடி முடிச்சு மேடையை விட்டு வர்றவதானே ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு விடணும்?"

துடைக்கணும்னு லோரெய்ன் சொல்லியிருந்தா. தப்பிச்சோம் பிழைச்சோம்னு ஓடி வந்ததுல மறந்தே போச்சு. மேரே மூஞ்சியில ரத்தமே இல்லை. எனக்குப் புரிஞ்சுடுச்சு. மேல்பாதி சுத்தமா இருக்கு. விழுவா. நிக்கறதுக்குக் கீழ்ப்பாதி இல்லை.

ஸ்பிரிட் பாட்டிலையும் துணியையும் பிடுங்கிக்கிட்டு ஓடினேன். கால்ல செருப்பு இல்லை, மூஞ்சியில பாதி மை வழிஞ்சிருக்கு. கார்னெட் கூரைகிட்ட இருந்தா. ஒரு கையை விட்டுட்டா. இன்னொரு கையை விடறதுக்கு முன்னாடி கூட்டத்தைக் கொஞ்சம் காக்க வைக்கிறா, அது அவ வழக்கம்.

"கார்னெட்! கார்னெட்! நிறுத்து!"ன்னு கத்தினேன்.

கூட்டம் பூராவும் அதையேதான் கத்துது. என் குரல் அதுல எங்க கேட்கும்? பாட்டு போடுற ஸ்டாவ் அந்தக் கோடியில கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கிட்டிருக்கான். கார்னெட்டோட ரெண்டாவது கை விரல் விரலா விடுது. அடிவயித்துலேர்ந்து கத்தினேன்.

"பெர்னடெட்!"

அந்தக் கை படக்குன்னு கம்பத்தைப் பிடிச்சுது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தா. அப்படி இதுவரைக்கும் யாரும் என்னைப் பார்த்ததில்லை.

"இறங்காதே! கீழ எல்லாம் லோஷன்! பெர்னடெட், இறங்காதே!"

ஸ்டாவ் கண்ணைத் திறந்தான். பாட்டு நின்னுது. அந்த அமைதியில, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு ஆள், "பெர்னடெட்டா?"ன்னான். "கேன்டீன்ல இருக்கிற பெர்னடெட்டா?" சொன்ன உடனே பாவம், வாயைப் பொத்திக்கிட்டான். பொத்தி என்ன பிரயோசனம்? பார் பூரா கேட்டாச்சு.

"துடைடீ"ன்னா மேலேருந்து. "அப்புறம் பேசிக்கலாம். துடை. கை விடுது."

பார் மேசைக்கு அவளால திரும்பித் தாவ முடியாது. வழுக்கிக்கிட்டு வரவும் முடியாது. கையும் காலும்தான் அவளைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. நான் ஸ்பிரிட்டைக் கொட்டித் துடைச்சேன். எத்தனை ஆம்பளைங்க பார்த்தாங்களோ, எனக்கு அந்த நினைப்பே இல்லை. துடைச்ச இடத்தை உள்ளங்கையால தொட்டுப் பார்க்கிறேன், இன்னும் பசை. மறுபடி கொட்டுறேன். மேலேருந்து அவ மூச்சு வாங்குறது கேட்குது. லோரெய்ன் தன் ஏப்ரனையே கழட்டிக்கிட்டு ஓடி வந்து மறுபக்கம் தேய்ச்சா. கடைசியில கன்னத்தைக் கம்பத்துல வெச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன். தோல் பிடிச்சு இழுத்துது.

"சரியாயிடுச்சு. வா. மெதுவா வா."

அவ வரலை. அங்கேருந்தே கூட்டத்தை ஒரு சுத்துப் பார்த்தா. ஜன்னலோரத்து ஆளைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தா. அப்புறம் ஒரு கையால விக்கைப் பிடிச்சு இழுத்தா. ஊசியெல்லாம் தெறிச்சுது, விக்கு என் காலடியில வந்து விழுந்துச்சு. உள்ளே குட்டையா வெட்டின பழுப்பு முடி, வேர்வையில ஒட்டிக்கிட்டு.

"ஸ்டாவ்! பாட்டை எதுக்குடா நிறுத்தினே? போடு!"

போட்டான். ரெண்டு கையையும் விட்டா.

நான் கண்ணை மூடலை, மூட முடியலை. அவ விழுந்தா. என் மூஞ்சியைத் தாண்டி அவ மூஞ்சி போச்சு. தொடை இறுகுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. தலை தரைக்கு மேல நின்னுது, என் கால் விரலுக்குப் பக்கத்துல. அப்புறம் கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி கத்தினாங்க. பாதிப் பேர் கார்னெட்னு கத்தினாங்க, பாதிப் பேர் மத்தப் பேரை.

எழுந்து, குனிஞ்சு வணக்கம் வெச்சு, நிமிர்ந்து நடந்து உள்ளே போனா. நான் விக்கை எடுத்துக்கிட்டுப் பின்னாலேயே போனேன். திட்டுவா, அடிப்பா, எதுவா இருந்தாலும் வாங்கிக்கலாம்னு போனேன். கதவைச் சாத்தின உடனே அவ தரையில உட்கார்ந்துட்டா. பல்லு கிட்டிக்குது, உடம்பு பூரா உதறுது. மேரே துண்டு எடுக்க ஓடினா. நான் உட்கார்ந்து அவளை இறுக்கிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். தள்ளிவிடலை.

"கத்தாம இருந்திருந்தா நீ செத்திருப்பே"ன்னேன். எனக்கும் அழுகை வந்துடுச்சு.

"தெரியும்."

"மன்னிச்சுடு."

"மாட்டேன்"னா. என் சட்டையைக் கெட்டியா பிடிச்சிருந்தா. "நாளைக்குள்ள ஊரே பேசும். திங்கக்கிழமை கேன்டீன்ல என் முறை. என் மகளைக் கூட்டிக்கிட்டு அந்த வாசல் வழியா நான் உள்ளே போகணும். அத்தனை அம்மாமாரும் நிப்பாளுக."

மேரே துண்டைக் கொண்டு வந்து அவ தோள்ல போர்த்தினா.

"அத்தனை பேர் முன்னாடி என் பேரைக் கத்தினே இல்ல? திங்கக்கிழமை வந்து என் பக்கத்துல நில்லு."

"நிக்கிறேன்"னேன்.

"காலையில எட்டரைக்கு"ன்னா. அவளுக்கு உதறல் இன்னும் நிக்கலை.