இரண்டு மோட்டாரும் ஒரு டேப்பும்

1

இந்தக் கதை ஓர் இரைச்சலில் பிறந்தது. மற்றவர்களுக்குக் கதை கனவில் வருமாம், ரயில் ஜன்னலில் வருமாம். எனக்கு ஒரு பழைய டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கர் வழியாக 'ம்ம்ம்' என்று வந்தது. அதை நிறுத்தித் தரச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கதை எழுதச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

நான் கல்பாத்தி சாம்பசிவன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மீட்டர்களைச் சரிபார்க்கும் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோக்களைப் பிரித்துப் போடுவேன். சில சமயம் திரும்பப் பூட்டியும் கொடுப்பேன். என் மனைவி பர்வதம் இதன் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்னா, இது கதையா, ரிப்பேர் கடை ரசீதா?"

இரண்டும்தான். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் செய்யக்கூடியது ஒன்றுதான். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்க வேண்டும். இந்தக் கதையையும் அப்படியே எழுதுகிறேன். மாட்டியதும் கழற்றியதும் உங்கள் கண்ணில் படும்படியே கிடக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே, வெயில் பழுத்துத் தொங்கிய ஒரு பங்குனி நாளில்—

[வேண்டாம். வெயில் பழுக்கவும் இல்லை, தொங்கவும் இல்லை. வெயிலாகத்தான் இருந்தது.]

இரண்டாம் தொடக்கம்: மருதாத்தாளின் தொண்டையில் ஒரு கட்டி—

[உண்மை இதுதான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் நீங்கள் உடனே துண்டைத் தேடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.]

மூன்றாம் தொடக்கம்: சின்னையன் விவசாயி. மாட்டுப்பட்டிப் பக்கம் எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது விற்றுவிட்டுப் போன ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்று கைமாறிக் கைமாறி இவனிடம் வந்து சேர்ந்தது. அன்று பிடித்தது பித்து. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில், சுவரெல்லாம் நெல்லுச் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டு, 'ரெக்கார்டு ரூம்' என்று பேர் வைத்தான். ஊரில் கும்மிப் பாட்டு, நோம்புக்கு உடுக்கைப் பாட்டு, மைக் செட்டுக்காரனுக்கு 'அன்பார்ந்த பொதுமக்களே' என்று எல்லாவற்றையும் பதிவு செய்தான். தன் மனைவி மருதாத்தாளின் குரலை மட்டும் பதிவு செய்யவில்லை.

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

என்னைத் தேடி அவன் கல்பாத்திக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினான்.

"சாமீ, வார வெள்ளிக்கிழமை கோயமுத்தூருல அவளுக்கு ஆப்பரேசனுங்க. கட்டிய எடுக்கறப்ப கொரல் பொட்டியவும் சேத்து எடுத்துருவாங்களாம். உசுரு இருக்கும், கொரலு இருக்காதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. ஊரெல்லாம் பாட்டுப் புடிச்சேன். ஊட்டுல இருக்கறவ பாட்டு எங்கீங்க போயிரும்னு இருந்துட்டேன். இப்பப் புடிக்கலாம்னா மிசினு வண்டு கத்தறாப்புல கத்துதுங்க."

அடுத்த பஸ்ஸில் அவனோடு நல்லேப்பிள்ளிக்குப் போனேன்.

ரெக்கார்டு ரூமில் குழல் விளக்கை அணைத்து, குண்டு பல்பைப் போட்டேன். கரகரப்பு போயிற்று, 'ம்ம்ம்' போகவில்லை. பிளக்கைத் திருப்பிச் செருகினேன். மைக் வயரும் கரண்டு வயரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பிரித்துத் தள்ளிப் போட்டேன். மைக் வயரின் முனையில் பற்று விட்டிருந்த இடத்தைப் புதிதாகப் பற்றவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் ஒரு படி இறங்கியது. கடைசிப் படியில் மட்டும் அழிச்சாட்டியமாக உட்கார்ந்துகொண்டது.

பிறகு, தானாகவே நின்றது. நான் எதையும் தொடவில்லை. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றிருந்தது, அவ்வளவுதான். "பாத்தீங்களா சாமீ!" என்று சின்னையன் துள்ளினான். அதே நொடியில் ரெக்கார்டரின் விளக்கும் அணைந்தது. பவர்கட்.

மோட்டாருக்கும் ரெக்கார்டருக்கும் ஒரே எர்த்து, மண்ணுக்குள் இறங்கும் ஒரே கம்பி. மோட்டாரில் கசிகிற கரண்டு அந்தக் கம்பி வழியாகவே ரெக்கார்டருக்குள் வந்து முனகுகிறது. தனியாக ஒரு எர்த்துக் குழி தோண்டலாம் என்றால் மண் முழங்கை ஆழத்துக்கும் வறண்டு கிடந்தது. ஈரமில்லாத மண்ணில் எர்த்து பிடிக்காது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வருஷம் அந்த ஊரில் குழிக்கு ஊற்றத் தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆக, நிலவரம் இது. கரண்டு இருந்தால் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால் இரையும். கரண்டு இல்லாவிட்டால் ரெக்கார்டரும் இல்லை. இடுக்கி அணையிலிருந்து கரண்டு வரப்போகிறது, அப்புறம் பவர்கட்டே கிடையாது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வருமென்று போடவில்லை.

* அன்று ராத்திரியே பர்வதத்தின் கேள்வி: "வேற ஊர்ல, வேற ஆத்துல போய்ப் பாடப்படாதோ?" கேட்டேன். மறுநாள் மருதாத்தாள் சொன்ன பதில்: "ஊரான் ஊட்டுல போயி, சும்மா குக்கி உக்காந்துக்கிட்டு, மைக்குக் குழாயப் பாத்துப் பாடறதுங்களா? எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப வார பாட்டுங்க அது." குரல் கம்மியிருந்தது. பேசும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அது குரல்தான்.

4

"உன் மோட்டாரை நீ கொஞ்ச நேரம் நிறுத்தக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

சின்னையனுக்கு மாரப்பன் என்று ஒரு தம்பி. பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்தார்கள், நிலத்துக்கு நடுவில் வரப்பு வைத்தார்கள். கிணற்றை வெட்டிப் பங்கு வைக்க முடியாதல்லவா? அதற்கு முறை வைத்தார்கள். ஒரு நாள் அண்ணன், ஒரு நாள் தம்பி. ஒரே கிணறு, இரண்டு மோட்டார், இரண்டுக்கும் அந்த ஒரே எர்த்து. அதோடு பெரியவர்கள் இன்னொரு வழக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள்: முறைக்காரன் இறைக்காமல் விட்டால் அந்தத் தண்ணீர் அடுத்தவனுக்கு. கிணற்றுத் தண்ணீர் சும்மா நிற்கக் கூடாது.

திங்கட்கிழமை சின்னையன் முறை. மருதாத்தாளை ரெக்கார்டு ரூமில் உட்கார வைத்து, மைக்கை முன்னால் நிறுத்தி, கரண்டு வந்ததும் அவன் தன் மோட்டாரை அணைத்தான். அப்படியொரு அமைதியை நான் அந்த மிஷினில் கேட்டதே இல்லை. அவள் கனைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

தம்பியின் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

அவன் மேல் தப்பில்லை. வழக்கு அப்படி. பக்கத்து மோட்டார் நின்றது காதில் விழுந்தால் இவன் கை சுவிட்சுக்குப் போகும். சின்னையன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். மருதாத்தாள் மட்டும் சிரித்தாள்.

5

மாரப்பன் மேல் எனக்குச் சந்தேகம். அவன் இந்தக் கதைக்குத் தேவைதானா? கழற்றிப் பார்த்தேன். அவனை எடுத்துவிட்டால் மோட்டார் நிற்கிறது, மருதாத்தாள் பாடுகிறாள், நான் பஸ் ஏறுகிறேன். கதை செத்துப்போகிறது. திரும்ப மாட்டினேன்.

அண்ணனும் தம்பியும் ஏன் பேசுவதில்லை? அதற்கும் காரணங்கள் எழுதிப் பார்த்தேன். [வரப்பில் நின்ற வேப்பமரம். கல்யாண வீட்டில் பந்தி முந்திப் போட்டது. கோள் சொன்ன ஒரு மச்சான்.] எல்லாம் சொத்தை. திங்கட்கிழமையே மருதாத்தாளிடம் கேட்டிருந்தேன். "அவிங்களுக்கே மறந்து போச்சுங்க சாமீ. பேசாம இருக்கறது மட்டுந்தான் நெனப்பிருக்குது" என்றாள். இதைவிட நன்றாக எனக்கு எழுத வராது.

நானே மாரப்பனைப் பார்க்கப் போனேன். மண்வெட்டியால் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தான்.

"அண்ணன் அனுப்புச்சாருங்களா?"

"இல்லே, நானாக்கும் வந்தது. விஷயம் உமக்குத் தெரியுமோன்னோ? வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன். அரை மணி மோட்டார் போடாமே இருந்தா—"

"கடலயப் பாத்தீங்களா சாமீ?" மண்வெட்டியின் முனையால் ஒரு நிலக்கடலைச் செடியைத் தொட்டுக் காட்டினான். "விழுது எறங்கற பருவமுங்க. இருக்கற தண்ணியில ஒரு பாத்தி தப்புனாலும் அங்க காய் புடிக்காது." செடிக்கு மண் அணைத்துவிட்டு, "கேக்கறதுன்னா அண்ணன் வந்து கேக்கோணுமுங்க" என்றான்.

"வந்தா?"

"வரமாட்டாருங்க."

சின்னையனிடம் சொன்னேன். எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணறு வரைக்கும் போனான். கிணற்றுக்கு அந்தப் பக்கம் தம்பியின் தோட்டம். தொட்டியில் இருந்த தண்ணீரில் கையைக் கழுவினான். கழுவ அந்தக் கையில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்துவிட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது. பெண்டாட்டியின் குரல் பெரிதா, ரோஷம் பெரிதா என்று கேட்டேவிட்டேன். அவன் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

6

முடிவு அ: சின்னையன் கிணற்றைத் தாண்டுகிறான். "தம்பீ" என்கிறான். மாரப்பன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வருகிறான். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு—

[பர்வதத்துக்கு இதுதான் பிடித்தது. கிழித்துவிட்டேன். அவள் இன்னும் மன்னிக்கவில்லை.]

முடிவு ஆ: இரைச்சலோடேயே அவள் பாடுகிறாள், பின்னாளில் அந்த இரைச்சலே சின்னையனுக்கு இனிமையாகி—

[பொய். ஹெட்போன் மாட்டி அதைக் கேட்டவன் எவனும் இப்படி எழுத மாட்டான்.]

நடந்தது இது. செவ்வாய்க்கிழமையும் நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். தம்பி முறை. கரண்டு வந்ததும் அவன் மோட்டார் ஓட ஆரம்பித்தது. "இருக்கறபடி புடிக்கலாமுங்க சாமீ, ஒண்ணுமில்லாததுக்கு இது மேலு" என்று சின்னையன் டேப்பை ஓடவிட்டான். மருதாத்தாள் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை இருமினாள். தண்ணீர் குடித்தாள்.

மோட்டார் நின்றது.

ரெக்கார்டரின் முள் சரிந்து பூஜ்யத்தில் படுத்தது. ஓர் இரைச்சலும் இல்லை. சின்னையனின் மோட்டார் அறைச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது, அதையும் யாரும் போட முடியாது. சின்னையன் இரண்டு கையாலும் ஜாடை காட்டினான்: பாடு, பாடு.

அவள் பல்பை நிமிர்ந்து பார்த்தாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. கரண்டு இருக்கும்போது மோட்டார் நின்றால் அந்தத் தோட்டத்து மனுஷிக்கு ஒரே அர்த்தம்தான்: ஓட்டுகிறவனுக்கு என்னமோ ஆகிவிட்டது. எழுந்தாள். சின்னையன் முந்தானையைப் பிடித்தான். உருவிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

7

அந்த டேப்பை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதில் இருப்பதை இருக்கிறபடி எழுதுகிறேன்.

இரைச்சல். இருமல். செம்பு வைக்கும் சத்தம். பிறகு சுத்தமான நிசப்தம். காலடிகள் தள்ளிப் போகின்றன. மாடு ஒன்று கழுத்தை ஆட்டுகிறது. பிறகு தூரத்தில், கம்மலாக, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக மருதாத்தாள்:

"ஏனுங் கொழுந்தனாரே, கரண்டு இருக்குது, மோட்டாரு நின்னு போச்சுங்களே? மேலுக்குச் சொகமில்லீங்களா?"

மாரப்பன்: [                                        ]

மருதாத்தாள்: "எனக்கோசரம் நிறுத்த வேண்டாமுங்க. கடல காயுது பாருங்க. போடுங்க. போடுங்கன்னு சொல்றேன்."

மோட்டார் ஓட ஆரம்பிக்கிறது. டேப் தீரும் வரைக்கும் 'ம்ம்ம்'.

அவ்வளவுதான். அவள் திரும்பி வந்தபோது முகம் நனைந்திருந்தது. வியர்வையா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளால் பாட முடியவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை கோயமுத்தூரில் டாக்டர் சொன்னபடியே நடந்தது. உயிர் இருக்கிறது.

* அந்த அடைப்புக்குறிக்குள் என்ன? மைக்குக்கு எட்டவில்லை. சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்துக் கேட்டேன். ஒரு இடத்தில் 'நங்கையா' என்று விழுவது போல இருக்கிறது. அந்தப் பக்கத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் அவளை அப்படிக் கூப்பிட்டு வருஷங்கள் ஆயின. ஆனால் எனக்கு அப்படிக் கேட்க ஆசை இருக்கிறது. ஆசையுள்ள காதை நம்பாதீர்கள்.

8

முடிவு எங்கே என்கிறாள் பர்வதம்.

போன வாரம் நல்லேப்பிள்ளிக்குப் போயிருந்தேன். மருதாத்தாள் கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். சின்னையனைக் கூப்பிட வேண்டுமானால் செம்பைத் தட்டுகிறாள். தம்பி என்ன சொன்னான் என்று சின்னையன் அவளிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறான். அவளுக்கு எழுதத் தெரியாது. கையை விரித்துக் கிழக்கே தம்பி தோட்டத்தைக் காட்டுகிறாள். அவனிடமே கேள் என்கிறாள்.

நானே மாரப்பனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது எனக்குச் சேர வேண்டிய பதிலில்லை.

நான் இருந்தபோதே சின்னையன் டேப்பைப் போட்டான். "மேலுக்குச் சொகமில்லீங்களா" என்று முடியும் இடத்தில் நிறுத்தினான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மருதாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் எழுந்தான், வேட்டியை மடித்துக் கட்டினான், வெளியே நடந்தான்.

என்னிடமிருந்த எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். சின்னையன் கிணற்றடியில் நிற்கிறான். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. இந்தத் தடவை கையைக் கழுவவில்லை. அந்தப் பக்கம் மாரப்பன் குனிந்து மடை திருப்புகிறான், இவனை இன்னும் பார்க்கவில்லை. மோட்டார் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் எட்டி நின்று கூப்பிட்டால் காதில் விழாது. பக்கத்தில் போக வேண்டும்.

நான் பேனாவை மூடிவிட்டேன். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது. அடைப்புக்குறியை உங்களுக்காகக் காலியாகவே விட்டிருக்கிறேன். நிரப்புவதற்கு முன்னால் சின்னையனை அந்தப் பக்கம் அனுப்புங்கள்.