பதினேழாம் தட்டு

ருமேனியாவின் க்ளூஜ் நகரில் உள்ள எங்கள் ஆய்வகத்தில், மருந்துப் போட்டியில் ஜெயித்தவர்தான் எல்லோருக்கும் கேக் வாங்க வேண்டும். இலிங்கா மூன்று முறை வாங்கிவிட்டாள். அந்தக் கேக்கெல்லாம் இன்னும் என் நெஞ்சிலேயே நிற்கிறது.

இந்த முறை ஈரல் செல்களில் ஹெபடைடிஸ் கிருமியை ஒழிக்க ஆளுக்கொரு மருந்து செய்தோம். எது யாருடையது என்று தெரியாதபடி, செல்களை வளர்த்த சோதனைத் தட்டுகளில் வெறும் எண்தான் ஒட்டியிருந்தது. சோதித்தவன் நான். பதினேழாம் தட்டில் கிருமியே இல்லை. மகராசி இலிங்கா மறுபடியும் சாதித்துவிட்டாளே என்று வயிறு எரிந்தது. 'அழுக்கு கலந்தது, செல்லாது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுத் தட்டைக் குப்பையில் எறிந்தேன்.

இன்று பெயர்ப் பட்டியலைப் பிரித்தார்கள்.

"ஐயோ டிபெரியு, பதினேழு உன்னோடதுப்பா!" என்றாள் இலிங்கா. "அது போச்சுன்னா, அடுத்தபடியா ஜெயிச்சது என்னோடதுதான். சொல்லு, உனக்கு என்ன கேக் வேணும்?"