பின்சீட்டுத் தகடு

மஸ்தானுக்கு வேலை தெரியாமல் இருந்திருந்தால் அவன் பெண்டாட்டி நஜ்மா அவனை எப்போதோ மன்னித்திருப்பாள். தெரியும். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். எண்பத்தெட்டாம் வருஷத்தில் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் அவனைப் போல டிங்கரிங் பார்க்க ஆள் கிடையாது. நசுங்கின பைக் டேங்க்கை உள்ளே கம்பி விட்டு நெம்பி, வெளியே தட்டித் தட்டிப் புதுசாக்கிவிடுவான். மனசு வைத்தால்தான். அந்த மனசு அவனுக்கு வருஷத்துக்கு இரண்டு தரம் வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் ஓட்டை என்றாலும் பட்டிப் பசை, விரிசல் என்றாலும் பட்டி. பூசி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து, இன்ஷா அல்லா ஆயுசுக்கும் கியாரண்டி என்று சொல்லி அனுப்பிவிடுவான். தன் சோம்பேறித்தனத்தில் அல்லாவையும் கூட்டு சேர்க்கிறானே பாவி என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடையில் பாதி அவளுடையது. ஒரு பழைய தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு ரெக்சினில் சீட்டுக் கவர் தைத்தாள். அவள் தையல் இதுவரை பிரிந்ததில்லை.

அந்தச் சமயத்தில் ஆட்கள் உஷாராகிவிட்டிருந்தார்கள். கையில் காந்தத்தோடு வர ஆரம்பித்தார்கள். தகட்டில் காந்தம் ஒட்டும், பட்டியில் ஒட்டாது, குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொருவனாக இருந்தால் இனிமேலாவது ஒழுங்காக வெல்டிங் வைப்போம் என்று நினைப்பான். மஸ்தான் பக்கத்து லேத்துப் பட்டறை வேம்புலியிடம் போய் ஒரு டப்பா இரும்புத்தூள் வாங்கி வந்தான். நஜ்மாவின் மாவு சல்லடையை எடுத்துச் சலித்தான். பட்டியோடு பிசைந்து பூசினான். காந்தம் போய் ஜம்மென்று ஒட்டிக்கொண்டது. இதற்குச் செலவழித்த மூளையில் கால்வாசியை வேலையில் காட்டியிருந்தால் இந்நேரம் அவன் எங்கேயோ போயிருப்பான். சல்லடை போனதுதான் மிச்சம்.

சேக்காட்டிலிருந்து பால்ராஜ் தன் ஜாவா பைக்கைக் கொண்டு வந்தது அப்போதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். அதனால் இரும்பைப் பற்றி உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைப்பு. வண்டி அவனைவிட நாலைந்து வயதுதான் சின்னது. அதை ஒரிஜினல், ஒரிஜினல் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருந்தான். சீட்டைக் கழற்றிக் கவரை உரித்தால் ஒரிஜினலின் லட்சணம் தெரிந்தது. பஞ்சு மழைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து அடித்தகட்டின் பின்பாதியைத் துரு தின்றுவிட்டிருந்தது. விரலால் தொட்டால் பொரிமாவு மாதிரி உதிர்ந்தது.

அவன் மனைவி சாராளுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போக வேண்டும், வேலப்பன்சாவடிக்கு. அவள் வீட்டார் இந்த வண்டியைக் காயலான் கடைச் சாமான் என்று கிண்டல் செய்தவர்களாம். அவர்கள் வாசலில் அவளை இதே வண்டியில் கொண்டுபோய் இறக்குகிறேனா இல்லையா பார் என்று அவன் சபதம் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் இரண்டு பேரும் பஸ்ஸில் பூந்தமல்லி வருவது, இங்கிருந்து வண்டியில் கிளம்புவது என்று ஏற்பாடு. பிள்ளைத்தாச்சியை வைத்து மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிற வீராதிவீரன்! அழுகினதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணித் தருவதாக மஸ்தான் அடித்துச் சொன்னான்.

சனிக்கிழமை நஜ்மா கவரை மாட்ட உட்கார்ந்தாள். தகட்டு ஓரத்தில் வரிசையாகப் பல் இருக்கும். ரெக்சினை இழுத்து அதில் குத்தி மடக்க வேண்டும். முன்பாதியில் பல் நன்றாக மடங்கியது. பின்பாதியில் கையோடு பெயர்ந்து வந்தது. கோணி ஊசியை எடுத்துத் தகட்டின் நடுவில் அழுத்தினாள். கறுப்புப் பெயிண்டைத் தாண்டி ஊசி மறுபக்கம் வந்துவிட்டது. வெல்டிங்கும் இல்லை, வெங்காயமும் இல்லை. அத்தனையும் பட்டி.

இதில் ஒரு பிள்ளைத்தாச்சி உட்காரப் போகிறாள் என்று அவனிடம் சொன்னாள். குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டே, வேலப்பன்சாவடி என்ன டில்லியிலா இருக்கிறது, அதுவரைக்கும் தாங்கும் என்றான். அப்புறம்? அப்புறம் உடைந்தால் ரோட்டுப் பள்ளத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். கவரை மாட்ட மாட்டேன் என்று அவள் எழுந்துவிட்டாள். அவனே சொல்யூஷனைத் தடவி ரெக்சினைச் சுருக்கம் சுருக்கமாக ஒட்டி முடித்தான். இவனோடு இருபது வருஷம் குடித்தனம் செய்திருக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். சாராள் இரண்டு கை நிறைய வளையலோடு, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பால்ராஜ் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தான். உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கினது. சீட்டைத் தூக்கி அடியில் வைத்தான், ஒட்டியது. நகர்த்தி நகர்த்தி வைத்தான், அங்கேயும் ஒட்டியது. பட்டி பூசி ஏமாற்றுகிறவர்கள் என்னிடம் வாலாட்ட முடியாது, நான் இரும்பிலேயே பிறந்து வளர்ந்தவன் என்று மனைவிக்கு ஒரு பிரசங்கம் வேறு. காதில் பூ சுற்றினவனும் சுற்றிக்கொண்டவனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எவன் பெரிய முட்டாள் என்று நஜ்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாராள் ஏறப் போனாள். நஜ்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

உண்மையைப் போட்டு உடைக்க நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் கட்டின புருஷன். அவன் வாயாலேயே ஒத்துக்கொள்ள ஒரு வழி விடுவோம் என்று நினைத்தாள். ஊர்ப் பெண்ணை உட்கார வைக்கத் துணிந்தவன், தன் பெண்டாட்டியை உட்கார வைப்பானா? உட்காராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் வெளியே வந்துவிடும், அவனையும் மன்னித்துவிடலாம்.

“இரு கண்ணு. பாய் என்னை ஒரு ரவுண்டு கூட்டிகினு போய் வரட்டும். அப்பால நீ ஏறு” என்றாள்.

மஸ்தானின் முகம் ஒரு கணம் செத்துப்போனது. அவள் அவனையே பார்த்தாள். அவன் சீட்டைப் பார்த்தான். பால்ராஜைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

“ஏறு, ஏறு. நல்லா ஒக்காரு. சாரும் பாக்கட்டும்” என்றான்.

நஜ்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி ஒருபக்கமாக உட்கார்ந்தாள். அவன் உதைத்து ஸ்டார்ட் செய்தான். டேங்க் மேலேயே ஏறிவிடுவான் போல முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டான். அவள் பாரம் முழுக்கப் பட்டி பூசின பின்பாதியில் இருந்தது. அவளுக்கு விழுந்துவிடுவோம் என்ற பயம்கூட வரவில்லை. சீ, இவ்வளவுதானா நீ என்றுதான் தோன்றியது.

பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியதும் அடியில் மளுக்கென்று சத்தம். சீட்டு பிளந்து, அவள் பின்பக்கமாகச் சரிந்து ரோட்டில் விழுந்தாள். இடது மணிக்கட்டு அடியில் மாட்டிக்கொண்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த நிலையிலும், சாராள் ஓடி வந்தாள். பால்ராஜ் பின்னாலேயே வந்தான்.

மஸ்தான் வண்டியை ஓரமாக ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து, பால்ராஜைப் பார்த்துத்தான் பேசினான்.

“ஆளு கொஞ்சம் வெயிட்டு சார்.”

பால்ராஜ் குனிந்தான். தரையில் சிதறிக் கிடந்த கட்டிகளில் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் தூளாக உதிர்ந்தது. பிறகு மனைவியின் வயிற்றைப் பார்த்தான். இரும்பில் பிறந்து வளர்ந்தவன் ரோட்டு ஓரத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான். நஜ்மாவைச் சாராள்தான் தூக்கி நிறுத்தினாள்.

“அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டாள்.

“நீ பஸ்ல போ கண்ணு” என்றாள் நஜ்மா.

பால்ராஜ் சாராளின் பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினான். மாமியார் வீட்டு வாசலில் வண்டிச் சத்தம் இல்லாமலே போய் இறங்கினான்.

பிறகு மஸ்தான் மூன்று நாள் வேலை பார்த்தான். ஊரே பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்துவிட்டதே, வேறு வழி? அழுகினதையெல்லாம் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்தான். புதுத் தகட்டில் விறைப்புக்காக வரி வரியாக மேடு தட்டி, வளைத்து, கோணாமல் இருக்கப் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்தான். தண்ணீர் வடிய ஓட்டை போட்டான், பல் வரிசையை ஒவ்வொன்றாக வெட்டினான். எவ்வளவு அழகான வேலை! கைக்கட்டோடு மிஷினில் உட்கார்ந்திருந்த நஜ்மாவுக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. பார்க்கப் பார்க்க வெறுப்புதான் ஏறியது. இத்தனையும் இந்தக் கைக்குள்தானே இருந்தது. வீங்கின மணிக்கட்டோடு கவரை அவளே மாட்டினாள், சாராளுக்காக.

புதன்கிழமை சாயங்காலம் பால்ராஜ் வந்தான். அவன் காந்தம் கொண்டுவரவில்லை. சீட்டின் மேல் ஏறி நின்றே பார்த்தான், அசையவில்லை. மஸ்தானுக்கு வாயெல்லாம் பல். கையைத் துடைத்துக்கொண்டு மிஷின் பக்கம் திரும்பி, பெரிய மனசு செய்கிறவன் போலக் கூப்பிட்டான்.

“வா நஜ்மா, ஒரு ரவுண்டு போவலாம். இப்ப ஒக்காந்து பாரு.”

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“அன்னிக்கே ஒக்காந்து பாத்துட்டேன்” என்றாள்.